டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்தால் வீலிங் வருமா?

தேனியிலோ கம்பத்திலோ புது பைக் எடுக்கும்போது, சாவியைக் கொடுக்கிறவர் மீட்டரைக் காட்டி, "இதுல டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்குண்ணே, வேணாம்னா ஆஃப் பண்ணிக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்பதைச் சொல்ல அவருக்கு நேரம் இருக்காது. கூட வந்த நண்பர்தான் காதைக் கடிப்பார்: "ஆஃப் பண்ணாத்தான் மாப்ள வீலிங் வரும்." அதில் கொஞ்சம் உண்மை உண்டு. எவ்வளவு என்று பார்த்துவிடுவோம்.

முதலில், டிராக்‌ஷன் கண்ட்ரோல் (பின்சக்கரம் பிடிமானம் இல்லாமல் வெறுமனே சுற்றுவதைத் தடுக்கும் ஏற்பாடு) எப்படி வேலை செய்கிறது? இரண்டு சக்கரங்களிலும் சென்சார் (வேகத்தை அளக்கும் சிறு கருவி) இருக்கிறது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் அப்படியே நின்று வழுக்காமல் காப்பது) பயன்படுத்துவதும் இதே சென்சார்களைத்தான். முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரம் வேகமாகச் சுற்றினால், பின்பக்கம் வழுக்குகிறது என்று பைக்கின் கணினி முடிவு செய்யும். உடனே பெட்ரோலையோ தீப்பொறியையோ குறைத்து இன்ஜினை அடக்கும். நீங்கள் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தாலும் வண்டி கேட்காது.

இதற்கும் வீலிங்குக்கும் (முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவது) என்ன சம்பந்தம்? மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் அதை உருட்டத் தரை இல்லை. எழும்பிய வேகத்திலேயே சுற்றி, மெல்லக் குறையும். பின்சக்கரமோ 35, 40 என்று ஏறும். கணினிக்குத் தெரிவது "முன்னால் 30, பின்னால் 40" என்பது மட்டுமே. முன்சக்கரம் காற்றில் இருப்பது அதற்குத் தெரியாது. வழுக்கல் என்று நினைத்து இன்ஜினை அடக்கும், முன்பக்கம் இறங்கும். நண்பர் சொன்னதில் உள்ள உண்மை இவ்வளவுதான்.

அப்படியானால் ஆன் செய்து வைத்திருந்தால் முன்சக்கரம் தூக்கவே தூக்காதா? தூக்கும். வேக வித்தியாசம் உண்டான பிறகுதான் கணினி விழித்துக்கொள்ளும். அதற்குள் சக்கரம் எழும்பியிருக்கும். வேகம் கூடாமல் சீராகத் தூக்கினால் வித்தியாசமே சில நொடிகளுக்குத் தெரியாமல் போகலாம். இன்னொரு சிக்கல், அது இன்ஜினின் சக்தியை வெட்டும்போது பார்த்துப் பக்குவமாக வெட்டாது. இன்ஜின் திடீரென்று அடங்க, முன்பக்கம் தொப்பென்று விழும். ஹேண்டில் நேராக இருந்தால் அடி ஃபோர்க்குக்கும் கோன் செட்டுக்கும் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) போகும். லேசாகத் திரும்பியிருந்தால் ஹேண்டில் உதறி, அடி உங்களுக்கு விழும்.

சில பைக்குகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகள் இருக்கும். பொதுவாக, படி கூடினால் சிறு வித்தியாசத்துக்கே வெட்டும். குறைத்தால் கொஞ்சம் வழுக்க விட்டு வெட்டும். எந்தப் படியும் முன்சக்கரம் எவ்வளவு உயரம் எழலாம் என்பதற்கான அளவு அல்ல.

அந்த வேலைக்கென்றே தனி ஏற்பாடு உண்டு. அதன் பெயர் வீலி கண்ட்ரோல் (முன்பக்கம் நிமிர்வதை அளந்து அடக்குவது). வண்டி எந்தக் கோணத்தில் சாய்கிறது, எவ்வளவு வேகமாக நிமிர்கிறது என்று அளக்கும் சென்சார் இதற்குத் தனியாக வேண்டும். ஓசூர் டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்டிஆர் 310 பைக்கில், கூடுதல் விலை கொடுத்து வாங்கும் தொகுப்பில் இது வருகிறது. 2021இல் வந்த சுசூகி ஹயபூசாவில் டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்கு 10 படிகள், முன்சக்கரம் தூக்குவதைத் தடுக்க வேறாக 10 படிகள். இரண்டும் ஒன்றென்றால் இரண்டு ஏற்பாடு எதற்கு? யமஹா ஆர்15 போன்ற 155 சிசி பைக்குகளில் இருப்பது டிராக்‌ஷன் கண்ட்ரோல் மட்டுமே. நம் ஊரில் அதிகம் ஓடும் ஸ்ப்ளெண்டர், எக்ஸ்எல் போன்றவற்றில் அதுவும் கிடையாது.

சரி, நான் வீலிங் செய்கிற ஆள் இல்லையே, எனக்கு இந்த விவரமெல்லாம் எதற்கு என்கிறீர்களா? உங்களுக்குத்தான் அதிகம் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் பல பக்கமும் போக மலை ஏற வேண்டும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி, சின்னமனூரிலிருந்து மேகமலை என்று எல்லாமே கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் வண்டியின் எடை தானாகவே பின்னால் சரியும். மனைவி பின்னால், அவருக்கும் பின்னால் கேரியரில் ஒரு மூட்டை என்றால், பின்பாரம் ஏற்றிய மாட்டுவண்டி நுகத்தடியைத் தூக்குவது போல முன்சக்கரம் இலேசாகிவிடும். அந்த நிலையில், வளைவின் உள்பக்கம் ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சைச் சட்டென்று விட்டால், ஆசைப்படாமலேயே ஒரு வீலிங் நடக்கும். எதிரே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய் இறக்கிவிட்டுத் திரும்பும் ஜீப் வரும். முன்சக்கரம் காற்றில் இருக்கும்போது ஹேண்டிலைத் திருப்பினால் வண்டி திரும்பாது.

இந்த இடத்தில் டிராக்‌ஷன் கண்ட்ரோலை நம்பாதீர்கள். மூட்டையை டேங்க் பக்கம் கொண்டுவாருங்கள், அல்லது இருவருக்கும் நடுவில் வையுங்கள். நீங்கள் முன்னால் தள்ளி உட்காருங்கள். பின்னால் இருப்பவரை உங்களோடு ஒட்டிச் சாயச் சொல்லுங்கள். கிளட்சையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து நிதானமாக விடுங்கள். மீறித் தூக்கிவிட்டால் ஆக்சிலேட்டரைக் குறைத்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தால் முன்பக்கம் இறங்கும். பதறி முன் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் நின்றுபோன சக்கரம் தரையில் இறங்கி வழுக்கும்.

அப்படியானால் மலையில் டிராக்‌ஷன் கண்ட்ரோலை ஆஃப் செய்துவிடலாமா? தார் ரோட்டில் வேண்டாம். சாரல் பெய்து ரோடு நனைந்திருக்கும்போதும், லாரி சிந்திய மணல் வளைவில் கிடக்கும்போதும், அழுகிய இலை ஒட்டியிருக்கும்போதும் ஆக்சிலேட்டரை முறுக்கினால் வழுக்குவது பின்சக்கரம். இந்தக் கருவி அதற்காகவே செய்தது. அங்கே உங்கள் கையைவிட அது வேகமானது.

தோட்டத்துக்குள் போகும் மண் பாதை வேறு கதை. மழைக்குப் பின் செம்மண் சகதியில் ஏற வேண்டுமென்றால் சக்கரம் கொஞ்சம் சுற்றித்தான் ஆக வேண்டும். சுற்றும்போதெல்லாம் கணினி வெட்டினால் வண்டி பாதி மேட்டில் நின்றுவிடும். அங்கே ஆஃப் செய்வது சரி. தார் ரோடு வந்ததும் மறக்காமல் ஆன் செய்யுங்கள். பல பைக்குகளில் சாவியை அணைத்துப் போட்டால் தானே ஆன் ஆகும். உங்கள் வண்டியில் எப்படி என்று கையேட்டைப் பாருங்கள்.

வேண்டுமென்றே தூக்குகிறவர்களுக்கு ஒரு சேதி. முன்சக்கரம் காற்றில் நின்றுபோய், பின்சக்கரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், சென்சார் பழுது என்று பல பைக்குகள் எடுத்துக்கொள்ளும். மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரியும். அது அணையும்வரை ஏபிஎஸ் கிடையாது, டிராக்‌ஷன் கண்ட்ரோலும் சேர்ந்து போகலாம். அதாவது வீலிங் முடிந்து பிரேக் தேவைப்படும் நேரத்தில் இரண்டு துணையும் இல்லை. நெடுநேரம் தூக்கினால் இன்ஜின் ஆயில் பின்னால் ஒதுங்கி, பம்புக்கு எட்டாமல் உள்ளுறுப்புகள் காய்ந்து தேயவும் கூடும்.

பெரிய பைக் என்றால் கருவியே காப்பாற்றிவிடாதா? 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் பாலுச்செட்டிசத்திரம் அருகே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் விழுந்தது ஹயபூசாவில்தான். வீலிங் செய்ய முயன்றார் என்று போலீஸ் வழக்குப் போட்டது. அவருடைய ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது.

சட்டம் உங்கள் மீட்டரில் எந்தப் படி இருந்தது என்று கேட்பதில்லை. ஆபத்தாக ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் முதல் முறையே ஓராண்டு வரை சிறை உண்டு. ஓட்டியவர் 18 வயது நிரம்பாத பையன் என்றால் 199ஏ பிரிவு பெற்றோர்மேல் அல்லது வண்டியின் உரிமையாளர்மேல் பாயும்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.