வீட்டு நாயும் சங்கத்தின் கடமையும்

நமது கிராமங்களில் நாய் இல்லாத தெரு கிடையாது. களத்தில் நெல்லைக் காப்பதற்கும், ஆட்டுக்கிடையில் இராக்காவல் இருப்பதற்கும், அயலாரைக் கண்டு வாயிலில் குரல் கொடுப்பதற்கும் நாயைப்போல் உதவும் பிராணி வேறில்லை. ஆயினும் அதற்கு நாம் செய்யும் பிரதியுபகாரம் யாதென்று ஆராய்ந்தால், மிஞ்சிய சோற்றை வாயிற்படியில் வைப்பதோடு அது நின்றுவிடுகிறது. வியாதி வந்தால் வைத்தியமில்லை. குட்டிகள் பெருகினால், கோணிப்பையில் கட்டி அடுத்த ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருகிறோம். இதனால் பிராணிகள் படும் துன்பத்தையும், அதன் பயனாக மனிதர்க்கு விளையும் ஆபத்தையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சம்பவம்

சில வருஷங்களுக்கு முன், ஒரு கிராமத்துச் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அன்று காலையில் அங்கத்தினர் ஒருவருடைய ஏழு வயது மகனை, அவர்கள் வீட்டு நாயே கையில் கடித்திருந்தது. காயம் சிறியது. "நம் வீட்டு நாய்தானே, விளையாட்டில் பல் பட்டுவிட்டது" என்று சொல்லி, மிளகாய்ப் பொடியை அப்பித் துணி சுற்றியிருந்தார்கள். நானும் அதைப் பார்த்தேன். தவணைப் பாக்கிகளைப்பற்றிப் பேசி, புத்தகங்களில் கையெழுத்திட்டுத் திரும்பினேனேயன்றி, காயத்தைக் கழுவுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நாலைந்து நாளில் அந்த நாய் இறந்ததாம். இரண்டு மாதம் கழித்து நான் மறுபடி சென்றபோது பிள்ளையும் உயிரோடில்லை. தகப்பனார் ஒரு தவணையும் தவறாதவர். "ஐயா, அன்றைக்கே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் என்னிடம் கேட்டார். அவ்வார்த்தையைக் காலந்தாழ்ந்தேனும் சொல்லவே இதனை எழுதலானேன்.

வியாதியின் தன்மை

வெறிநோய்க்குக் காரணம், நோய்கொண்ட நாயின் உமிழ்நீரிலுள்ள வைரஸ் என்னும் நுண்கிருமி. கடித்த இடத்தின் வழியாகவும், கீறலுள்ள தோலை நாய் நக்குவதாலும் அது உடலிற் புகுகிறது. பின்னர் நரம்புகளின் வழியே மெல்ல நகர்ந்து மூளையை அடைகிறது. இதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதமாகலாம். சிலருக்கு ஒரு வாரத்திலேயே நேரிடலாம், சிலருக்கு ஒரு வருஷமும் செல்லலாம். தண்ணீரைக் கண்டு அஞ்சுதல் முதலிய குறிகள் தோன்றிவிட்டால், பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் கிருமி மூளையை எட்டுமுன் ஊசி போட்டுக்கொள்வோர் தப்பிவிடுகின்றனர். ஆகவே இடைப்பட்ட காலமே நமக்குக் கிடைத்த தவணை. அது எப்போது முடியுமென்று எவராலும் கூற இயலாதாதலால், ஒரு நாளும் வீணாக்கலாகாது.

மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்களாலேயே வருகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பின்படி, சந்தேகத்துக்குரிய பிராணிகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள். சிறுவர்கள்தான் நாயோடு அதிகம் பழகுகிறார்கள். அடிக்கப் பயந்து, கடிபட்டதை மறைப்பவர்களும் அவர்களே.

கடிபட்டவுடன் செய்யவேண்டுவன

முதலாவது, காயத்தைச் சோப்பும் ஓடும் நீருங் கொண்டு 15 நிமிஷம் நன்றாய்க் கழுவவேண்டும். குழாயில்லாவிட்டால் செம்பினால் மொண்டு ஊற்றலாம். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பலாகாது. அவை காயத்தைப் புண்ணாக்குமேயன்றி நன்மை செய்யா. இரண்டாவது, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ செல்லவேண்டும். மூன்றாவது, வைத்தியர் குறிக்கும் தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்கவேண்டும். தோலினுள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3-ஆவது, 7-ஆவது, 28-ஆவது நாள் என நான்கு முறை செல்லவேண்டியிருக்கும். காயம் ஆழமாயிருந்தால், அதனைச் சுற்றிலும் வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பது நன்றே. ஆனால் அதன் முடிவை எதிர்பார்த்து ஊசியைத் தள்ளிவைப்பது தவறு.

வயிற்றில் பதினான்கு ஊசி என்னும் பழைய பயம் இன்னும் பலரிடம் உள்ளது. 1885-இல் பிரான்சு தேசத்துப் பாஸ்டர் என்பார் முதன்முதல் ஒரு சிறுவனுக்கு இவ்வூசியைப் போட்டார். நீலகிரிக் குன்னூரில் 1907-இல் அவர் பெயரால் ஒரு நிலையம் ஏற்பட்டது. ஆட்டின் மூளையிலிருந்து எடுக்கப்பட்டு வயிற்றில் போடப்பட்ட பழைய மருந்து நம் தேசத்தில் 2004-ஆம் வருஷத்தோடு நிறுத்தப்பட்டது. இப்போதைய ஊசி புஜத்தில் போடப்படுவது; வலி சொற்பம்.

நாயைக் கொல்வது பரிகாரமாகுமா?

ஆகாது. ஓர் ஊரின் நாய்களைக் கொன்றால், அவ்விடத்து எச்சிலை நாடி அயலூர் நாய்கள் வந்து சேருகின்றன; கொல்லப்பட்டவற்றுள் ஊசி போட்ட நாய்களும் அடங்கும். சென்னை நகரில் நெடுங்காலம் நாய்களைக் கொன்றுவந்தும் நோய் ஒழியவில்லை. 1996-இல் கருத்தடையும் தடுப்பூசியுமாகிய வழியை நகரத்தார் மேற்கொண்டனர். ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு 70-க்கு ஊசி போட்டுவந்தால், நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வழியின்றி அடங்குகிறது என்பது நிபுணர்களின் முடிவு.

இதன் உட்பொருள் நம் அங்கத்தினர்க்கு எளிதில் விளங்கும். 1904-ஆம் வருஷச் சட்டத்தின்படி தோன்றிய கிராம நாணயச் சங்கங்களில் பொறுப்பு வரையறையற்றதாயிருந்தது. ஒருவர் தவறினால் எல்லாருடைய சொத்தும் அதற்கு ஈடாயிற்று. ஆதலால் ஒருவர் நடத்தையை மற்றவர் கவனித்தனர். வெறிநோய் விஷயத்தில் ஊர் முழுவதும் இன்றும் அத்தகைய சங்கமே. ஒரு வீட்டார் ஊசி போடாது விட்ட நாய், அடுத்த தெருக் குழந்தையைக் கடிக்கிறது.

சட்டமும் ஜீவகாருண்யமும்

பிராணிவதைத் தடுப்புச் சட்டம் முதலில் 1890-இல் ஏற்பட்டது. ராஜ்ய சபையில் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள் செய்த முயற்சியைத் தொடர்ந்து 1960-இல் புதிய சட்டம் வந்தது. ஒரு பிராணியை வைத்திருப்பவர் அதன் நலத்துக்கு வேண்டியவற்றைச் செய்வது கடமை என்று அது விதிக்கிறது. போதிய உணவும் நீரும் அளியாமை, குட்டைச் சங்கிலியில் ஓயாமல் கட்டிவைத்தல், நியாயமான காரணமின்றிக் கைவிடுதல் ஆகியவை குற்றங்கள். எல்லையில் குட்டிகளை விட்டுவருவதும் இதில் அடங்குமென்பதைப் பலர் அறியார். அக்குட்டிகளிற் பெரும்பாலானவை பசியால் மடியும். பிழைப்பவை ஊசியின்றி வளர்ந்து அயலூர்ப் பிள்ளைகளுக்கு ஆபத்தாகும். நாயின் துன்பமும் மனிதனின் ஆபத்தும் ஒரே கவனக்குறைவிலிருந்து பிறக்கின்றன.

சங்கம் செய்யக்கூடியது

அடுத்த மகாசபையில் பின்வரும் தீர்மானங்களை அங்கத்தினர்கள் ஆலோசிக்கலாம். வீடுவாரியாக நாய்களின் ஜாபிதா ஒன்று தயாரித்தல். கால்நடை வைத்தியருக்கு எழுதி, வருஷத்தில் ஒரு நாள் ஊரிலேயே ஊசி போட ஏற்பாடு செய்தல். மூன்று மாதமான குட்டிகளையும், எவருக்கும் உரிமையில்லாத தெரு நாய்களையும் அதில் சேர்த்தல். குட்டிகள் வேண்டாதவர் கருத்தடை செய்விக்கத் தூண்டுதல். செலவு ஏதேனும் நேர்ந்தால், உபவிதிகள் இடங்கொடுக்குமளவில் பொது நன்மை நிதியிலிருந்து உதவுதல். பாஸ்டர் காலமான செப்டம்பர் 28-ஆம் தேதி உலக வெறிநோய் தினமாக அனுஷ்டிக்கப்படுவதால், அதனையே ஊசி நாளாக வைத்துக்கொள்ளலாம்.

சங்க வாயிலில் ஒரு பலகையில், "நாய் கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று எழுதிவைக்கும்படியும் வேண்டுகிறேன். எழுத்தறியாத அங்கத்தினர்க்குக் காரியதரிசி அதனைப் படித்துச் சொல்லட்டும்.