நாணயத்தின் நாணயம்

சென்ற கோடை விடுமுறையில் என் விடுதி அறை நண்பனுடன் அவன் ஊராகிய மட்டாஞ்சேரிக்குப் போயிருந்தேன். போன மறுநாளே அவன் என்னை ஜூ டவுனுக்கு அழைத்துச் சென்றான். குறுகிய தெரு அது. தெருக்கோடியில் 1568இல் எழுப்பிய யூதர் தொழுகைக் கூடமும், 1760இல் அதற்குத் துணையாக எழுந்த மணிக்கூண்டும் நிற்கின்றன. அங்கு வாழ்ந்த யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். மிளகும் சுக்கும் அடைந்துகிடந்த பண்டகசாலைகள் பலவற்றில் இன்று பழம்பொருள் கடைகள் நடக்கின்றன. பித்தளை உருளிகள், கப்பல் விளக்குகள், எந்த வீட்டை இடித்தபோதோ கிடைத்த மரத்தூண்கள் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் சில காசுகள் இருந்தன. என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன.

கடைக்காரர் முதியவர், இனிமையாகப் பேசுபவர். ஒரு வெள்ளிக் காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "மோனே, இது ரோமாபுரிக் காசு. முசிறிப் பக்கம் மண்ணுக்கடியில் கிடைத்தது. உனக்காக நாலாயிரம்" என்றார். என் சட்டைப்பையில் ஐயாயிரம் ரூபாய் இருந்தது. அது தேர்வுக் கட்டணத்துக்காக அப்பா கொடுத்த பணம். அதை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று நான் எண்ணியது உண்மை. இதைப் படிக்கும் அன்பர்கள் நகைத்தாலும் குற்றமில்லை.

நான் மயங்கியதற்குக் காரணமும் உண்டு. யவனர் கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு முசிறியிலிருந்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாட்டில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அந்தப் பொன் வெறும் புலவர் கற்பனையன்று. கொச்சிக்கு வடக்கே, வடக்குப் பறவூரை அடுத்த வள்ளுவள்ளி என்னும் ஊரில் 1983இல் 252 ரோமானியப் பொற்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. திருச்சூர்ப் பக்கத்து எய்யாலில் பொன்னும் வெள்ளியும் கலந்த ஒரு புதையல் கிடைத்தது. நம் கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் இரு பேரரசர்கள் அடித்தவை. இப்படியிருக்க, கடைக்காரர் கதையை நான் ஏன் நம்பக்கூடாது?

ஆனால் காசை அறிய விரும்புபவன் முதலில் மறக்கவேண்டியது கதையைத்தான். எல்லாப் போலிக் காசுக்கும் ஒரு நல்ல புதையல் கதை இருக்கும். காசின் மேல் என்ன இருக்கிறது என்றுதான் நாம் பார்க்கவேண்டும்.

பார்த்தேன். ஒரு பக்கத்தில் வாகைமாலை சூடிய ஆண் தலை, வலப்புறம் நோக்கியது. மறுபக்கத்தில் நாற்காலியில் அமர்ந்த பெண். அவள் ஒரு கையில் செங்கோல், மறு கையில் ஒரு கிளை. விளிம்பைச் சுற்றி எழுத்துகள். லத்தீன் தெரியாதே என்று யாரும் அஞ்சவேண்டியதில்லை. ரோமானியர் காசில் எழுதியது பட்டப்பெயர்களின் சுருக்கமே. சொற்களுக்கிடையே பெரும்பாலும் இடம் விடமாட்டார்கள். 'உ' என்னும் ஒலிக்கு, நாம் ஆங்கிலத்தில் 'வி' என்று படிக்கும் எழுத்தையே பொறிப்பார்கள். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வழி கடந்தாயிற்று. 'இம்ப்' என்றால் படைத்தலைவன், 'அவுக்' என்றால் அகஸ்டஸ், 'காஸ்' என்றால் கான்சல் பதவி. 'ட்ரி பொ' என்று கண்டால் மகிழுங்கள். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட ஓர் அதிகாரம். அதற்குப் பின்னால் வரும் எண்ணைக்கொண்டு காசு அடித்த ஆண்டையே கண்டுபிடித்துவிடலாம்.

என் கையிலிருந்த காசில் அந்த எண் இல்லை. 'டி சீசர்' என்று தொடங்கி, தெய்வமான அகஸ்டஸின் மகன் என்று பொருள்படும் சொற்கள் ஓடின. பெண்ணுக்கு இருபுறமும் 'பொன்டிஃப் மாக்ஸிம்', அதாவது தலைமைக் குரு, என்றிருந்தது. இது கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட டைபீரியஸின் காசு. தென்னாட்டில் மிகுதியாகக் கிடைப்பவற்றில் இதுவும் ஒன்று. மற்றொன்று அகஸ்டஸ் அடித்தது. அதில் அவர் பேரர்கள் இருவர் கேடயமும் ஈட்டியும் நடுவே இருக்க நிற்பார்கள். புதிதாகத் தொடங்குபவர் இந்த இரண்டு உருவங்களையும் மனத்தில் பதித்துக்கொண்டால், வெள்ளலூர்ப் புதையலின் பெரும்பகுதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடலாம்.

உருவம் சரி. ஆனால் உருவம் சரியாக இருப்பது எளிது. நல்ல காசை வைத்து அச்செடுத்தால் போதும். அடுத்து எடை. ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளிக்கு 84 காசு என்னும் கணக்கில் அக்காலத்து தினாரியஸ் அடிக்கப்பட்டது. நம் கணக்கில் ஏறத்தாழ மூன்றே முக்கால் கிராமோ சற்றுக் கூடவோ வரும். கி.பி. 64 அளவில் நீரோ அதை 96 காசாக்கி எடையைக் குறைத்தார். வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். நம் முன்னோர் இதை உடனே கண்டுகொண்டார்கள் போலும். அதன்பின் இங்கு வந்த ரோமானிய வெள்ளி அருகிவிட்டது, பொன்னையே வாங்கினார்கள்.

கடையில் பழைய பித்தளைத் தராசு ஒன்று விற்பனைக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. எடைக்கல் இல்லை. நண்பன்தான் வழி சொன்னான். 2011இல் வெளிவந்த வகை ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 3.79 கிராம். ஒரு தட்டில் டைபீரியஸையும் மறு தட்டில் நம் ரூபாயையும் வைத்தோம். ரூபாய் 'தடக்' என்று கீழே இறங்கியது. டைபீரியஸ் மேலே போய் ஊசலாடினார்!

இதனால் மட்டும் காசு போலி என்று சொல்லிவிட முடியாது. தேய்ந்த காசு எடை குறையும். செம்பின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக் காசுகளை அந்தக் காலத்திலேயே சிலர் செய்தார்கள்; அவையும் எடை குறையும். கடைக்காரரும் "ரெண்டாயிரம் வருஷம் தேய்ந்தால் குறையாதா மோனே?" என்றார். நியாயந்தான். ஆனால் தேய்ந்த காசில் தலைமுடியும் கன்ன எலும்புமாகிய மேடான இடங்கள் முதலில் மழுங்கவேண்டும். இதில் மேடும் பள்ளமும் ஒரே அளவில், சோப்புக் கட்டியைப்போல மழமழவென்று இருந்தன. ரோமானியர் காசை வார்க்கவில்லை. சூடேற்றிய வெள்ளி வில்லையை இரண்டு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். அடித்த காசில் எழுத்தின் கரை கூர்மையாக நிற்கும். விளிம்பில் வெடிப்பு விழும். உருவம் ஒரு பக்கம் ஒதுங்கும். வார்த்த காசில் நுண்ணிய குமிழிக் குழிகளும், விளிம்பைச் சுற்றி அரத்தால் தேய்த்த கோடும் தென்படலாம்.

நான் தயங்குவதைக் கண்ட கடைக்காரர், "இது பிடிக்காவிட்டால் இன்னொன்று இருக்கிறது" என்று மற்றொரு காசை எடுத்தார். அதுவும் டைபீரியஸ். இரண்டையும் அருகருகே வைத்தோம். முதற்காசில் கழுத்துக்குக் கீழே விளிம்பில் ஒரு வெடிப்பு. இரண்டாவதிலும் அதே இடத்தில் அதே வெடிப்பு. முதலதில் மூக்கின்மேல் ஒரு கீறல். இரண்டாவதிலும் அதே கீறல். ஓர் அச்சில் அடித்த இரு காசுகளில் முகம் ஒத்திருக்கும். ஆனால் அடித்தபோது விழுந்த வெடிப்பும், கைமாறியபோது விழுந்த கீறலும் ஒத்திருக்கவே முடியாது. எங்கோ இருக்கும் ஒரு நல்ல காசுக்கு இவை வார்ப்புப் பிள்ளைகள்! அவர் தெரிந்தே விற்றார் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டையும் உற்றுப் பார்த்தபோது அவர் முகம் வாடியது. அவரையும் யாரோ ஏமாற்றியிருக்கலாம்.

உண்மைக் காசாக இருந்தால் நாலாயிரம் தகுமா? அது மலிவு என்றே சொல்லவேண்டும். வெளிநாட்டு ஏலங்களில் நல்ல நிலையிலுள்ள டைபீரியஸ் தினாரியஸ் சில நூறு டாலருக்குப் போகிறது. அது அரிய காசு அன்று. இயேசுநாதர், 'இந்த உருவம் யாருடையது?' என்று கேட்டுக் காட்டச் சொன்ன வரிக்காசு இதுவே என்ற நம்பிக்கைதான் விலையை ஏற்றுகிறது. பழமைக்கும் விலைக்கும் நாம் நினைக்கும் அளவுக்கு உறவில்லை. மதுரையிலும் கரூரிலும் ஆற்று மணலில் கிடைக்கும் பிற்கால ரோமானியச் செப்புக் காசுகள் விரல்நகம் அளவே இருக்கும். சந்தையில் சொற்ப விலைதான். ஆனால் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் திரட்டி ஆராய்ந்து 1994இல் நூலாக வெளியிட்டதால், நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளிலும் ரோமானியக் காசுகள் தமிழகத்துக்கு வந்துகொண்டிருந்தன என்பதற்கு அவை சான்றாகிவிட்டன.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 பொற்காசுகள் கிடைத்தன. மிகப் பலவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். விலை பேசுபவன் 'பழுது' என்று தள்ளுவான். எனக்கோ அந்த வெட்டுத்தான் பொன்னினும் பெரிதாகத் தோன்றுகிறது. யவனன் முகம் இங்கே செல்லாது, எடைக்குப் பொன்னாகத்தான் எடுத்துக்கொள்வோம் என்று இந்த நாட்டான் ஒருவன் உளியால் எழுதிய குறிப்பு அது. உள்ளே பொன்தானா என்று சோதித்த வெட்டு என்பாரும் உளர். எல்லாம் முகத்திலேயே விழுந்திருப்பதால் நான் அதை ஏற்கவில்லை. எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்து, எண்ணிப் பதிவானதால்தான் இந்த வழக்கையே நாம் பேசமுடிகிறது. தனியாக ஒன்று ஜூ டவுன் கண்ணாடிப் பெட்டிக்கு வந்திருந்தால் அது வெறும் வெட்டுப்பட்ட காசு. முசிறி என்று கடைக்காரர் சொல்வதைச் சோதிக்கவும் வழியிருக்காது.

தேர்வுக் கட்டணம் பிழைத்தது. கால் கிலோ மிளகு வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

நம் சங்க அன்பர்கள் சிலர் வீட்டில், பாட்டியின் காசுமாலையிலோ பூசைப் பெட்டியிலோ இத்தகைய காசு இருக்கக்கூடும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் கறுப்போடு எழுத்தும் போய்விடும். நூறாண்டுக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ புதையலாகக் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். வீட்டில் இருப்பது ரோமானியக் காசுதானா என்று ஐயமிருப்பவர்கள் என்னிடம் கொண்டுவாருங்கள். அந்த ஒரு ரூபாயைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறேன். தராசுதான் இரவல் வாங்கவேண்டும்.