மைதானத்திலிருந்து கல்லூரிக்கு: நம் இளையோரோடு உடன் நடப்போம்



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்தவுடன் பங்குத்தந்தை இல்லத்துக்குக் கையில் ஒரு கோப்போடு வரும் பெற்றோரை ஆண்டுதோறும் சந்திக்கிறோம். கோப்பின் மேலே மதிப்பெண் பட்டியல் இருக்கும். அதற்குக் கீழே குடியரசு தின விளையாட்டு, பாரதியார் தின விளையாட்டு, மாவட்ட அணி என்று பத்துப் பன்னிரண்டு சான்றிதழ்கள் இருக்கும். "ஃபாதர், பையன் ஃபுட்பால் நல்லா ஆடுவான். மார்க்குதான் கொஞ்சம் கம்மி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு கிடைக்குமா? ஒரு லெட்டர் கொடுங்க" என்பார்கள். நாமும் மகிழ்ச்சியோடு கடிதம் கொடுத்து அனுப்புகிறோம்.

அத்தோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? பள்ளியில் சிறந்து ஆடிய ஒரு மாணவர் கல்லூரி அணியில் சேர்ந்த பிறகு என்ன ஆகிறார்? இதைச் சற்றுச் சிந்திப்பது நல்லது. ஏனெனில் தாம்பரத்தைச் சுற்றியுள்ள நம் பங்குகளில் கோவில் மைதானத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகள் இல்லாத பங்கே இல்லை எனலாம்.

பாதை மாறியிருக்கிறது

நம் தந்தையர் காலத்தில் நன்றாக ஆடும் இளைஞருக்கு வேலை தேடி வந்தது. தெற்கு ரயில்வே, பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி, ஏ.ஜி. அலுவலகம், சுங்கத்துறை, வருமான வரித்துறை ஆகியவற்றுக்குச் சென்னை லீக்கில் அணிகள் இருந்தன. பந்தாட்டத்தால் வேலை பெற்று, ஓய்வூதியம்வரை பணியாற்றிய குடும்பத் தலைவர்கள் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் உண்டு. இன்று அத்தகைய நேரடி வேலைவாய்ப்பு பெரிதும் சுருங்கிவிட்டது. பள்ளிக்கும் வேலைக்கும் இடையே இப்போது கல்லூரி நிற்கிறது. கல்லூரி அணிதான் இன்றைய ஏணி.

நம் பகுதியில் இந்த ஏணிக்குக் குறைவில்லை. 1837-இல் தொடங்கப்பட்டு 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னை கிறித்தவக் கல்லூரி இருக்கிறது. பல்லாவரம், சேலையூர், சோழிங்கநல்லூர், படூர், காட்டாங்கொளத்தூர் என எத்திசையில் சென்றாலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது.

படூரில் உள்ள இந்துஸ்தான் கல்விக் குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஈகிள்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். சென்னை லீக்கில் அந்த அணிக்கு ஆடியவர்களுள் இருவர் நெய்வேலியைச் சேர்ந்த எட்வின் சிட்னி வான்ஸ்பாலும் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகரும். வான்ஸ்பால் 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணியில் இருந்தார். நந்தகுமார் 2023-இல் ஒடிசா அணியோடும், 2024-இல் ஈஸ்ட் பெங்கால் அணியோடும் சூப்பர் கோப்பையை வென்றார். இந்திய அணிக்கும் ஆடினார்.

ஏணியின் படிகள்

பெற்றோர் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. எல்லாக் கல்லூரிகளிலும் ஏணி ஒரே மாதிரி அமைவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஒன்றில் உங்கள் மகன் சேர்ந்தால், முதலில் கல்லூரி அணியில் இடம் பெற வேண்டும். பிறகு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் திறமை காட்ட வேண்டும். அங்கிருந்துதான் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு நடைபெறும். நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ தன் மாணவர்களைக் கொண்டே நேரடியாகப் பல்கலைக்கழக அணியை அமைக்கிறது. அங்கே படி ஒன்று குறைவு. ஆனால் பல மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் அங்கே வந்து குவிவதால், அந்த ஒரு படியில் நெரிசல் அதிகம்.

இவ்வாறு அமையும் பல்கலைக்கழக அணிகள் இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் தென்மண்டலப் போட்டியில் மோதுகின்றன. முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குச் செல்கின்றன. பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்குக் கிடைக்கும் சான்றிதழைப் படிவம் மூன்று என்கிறார்கள். விளையாட்டு வீரர்களுக்கான அரசு வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படும் சான்றுகளுள் இதுவும் ஒன்று. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ஆகவே வீட்டுச் சுவரை அலங்கரிக்கும் கோப்பைகளைவிட, கோப்பில் இருக்கும் அந்த ஒரு தாள் பிள்ளையின் எதிர்காலத்துக்கு அதிகம் பயன்படும்.

ஆனால் வேலைக்கான கல்வித் தகுதி இல்லாமல் அந்தத் தாள் மட்டும் பயன் தராது. பட்டம் கேட்கும் பணிக்குப் பட்டம் இருந்தாக வேண்டும். இடறல் தொடங்குவது இங்கேதான்.

எங்கே இடறுகிறார்கள்?

முதலாவது, உடல். பள்ளியில் தன் வயதுப் பிள்ளைகளோடு ஆடிய பதினேழு வயது மாணவர், கல்லூரியில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இளைஞர்களோடு மோத வேண்டும். பள்ளியில் அணித் தலைவராக இருந்தவர் இங்கே மாற்று ஆட்டக்காரராக வெளியே உட்கார நேரிடும். அந்த முதல் ஆண்டின் ஏமாற்றத்தைத் தாங்க முடியாமல் ஆட்டத்தையே விட்டவர்கள் உண்டு.

இரண்டாவது, படிப்பு. காலையும் மாலையும் பயிற்சி. போட்டிகளுக்காக வெளியூர்ப் பயணம். வருகைப் பதிவுக்கு ஓ.டி. கிடைத்துவிடும். ஆனால் தவறிய பாடத்தை யார் நடத்துவார்? அதனால் முதல் பருவத்தில் ஒரு அரியர் விழுகிறது. அடுத்த பருவத்தில் அது மூன்றாகிறது.

மூன்றாவது, காயம். குமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறை என்னும் கடற்கரைக் கிராமத்திலிருந்து இந்திய அணிவரை உயர்ந்தவர் மைக்கேல் சூசைராஜ். 2020 நவம்பரில் ஐ.எஸ்.எல். தொடரின் முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. அந்தப் பருவம் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. தொழில்முறை வீரருக்கு மருத்துவக் குழுவும் ஒப்பந்தமும் இருக்கும். கல்லூரி மாணவருக்கு என்ன இருக்கிறது? முழங்கால் ஜவ்வு கிழிந்தால் அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டும் களமிறங்க ஒன்பது மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். மூன்றாண்டுப் படிப்பில் அது ஒரு கல்வியாண்டுக்குச் சமம்.

நாம் செய்த தவறு

இதை எழுதும்போது ஓர் இளைஞரை நினைத்துக்கொள்கிறோம். பெயர் வேண்டாம். பீடப் பணியாளராக இருந்தவர். இடது காலால் அருமையாக ஆடுவார். நம் கடிதத்தோடு கல்லூரியில் சேர்ந்தார். ஞாயிறு திருப்பலி முடிந்து பார்க்கும்போதெல்லாம், "மேட்ச் எப்படிப் போகுது?" என்று கேட்போம். "நல்லா போகுது, ஃபாதர்" என்பார். பிறகு கோவில் பக்கம் வருவது குறைந்தது. விடுதியில் இருக்கிறார், பயிற்சி இருக்கும் என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

ஓர் இரவு ஜி.எஸ்.டி. சாலையில் உணவுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு இருசக்கர வாகனத்தில் நின்றவரைக் கண்டோம். இரண்டாம் ஆண்டில் முழங்காலில் அடிபட்டிருக்கிறது. அணியில் இடம் போனது. அதனோடு கட்டணச் சலுகையும் போனது. ஏழு அரியர்கள். கல்லூரியை விட்டு ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. உழைத்து உண்பதில் எந்த இழிவும் இல்லை. நம்மை வாட்டியது வேறு. அந்த இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட நாம் அவரிடம், "பரீட்சை எப்படி எழுதினாய்?" என்று கேட்டதில்லை. அவருடைய காலைத்தான் பார்த்தோம், அவரைப் பார்க்கவில்லை.

இப்போது அவர் அரியர் தேர்வுகளை எழுதி வருகிறார். மூன்று தாள்களை முடித்துவிட்டார். மாலையில் நம் மைதானத்துச் சிறுவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்.

உடன் நடப்பது எப்படி?

பெற்றோர்களே, கல்லூரியில் சேர்க்கும்போதே சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். கட்டணச் சலுகை எத்தனை ஆண்டுகளுக்கு? காயம் பட்டால் அது தொடருமா? மருத்துவச் செலவை யார் ஏற்பார்? போட்டி நாளில் தேர்வு வந்தால் என்ன ஏற்பாடு? பதிலை எழுத்தில் பெறுவது நல்லது. மகளுக்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடிக்கொண்டே தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றியவர். பெண்பிள்ளைக்குப் பந்து எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

பங்குகளிலும் நாம் செய்யக்கூடியவை உண்டு. கல்லூரி அணிகளில் ஆடும் நம் பிள்ளைகள் யார் யார் என்று இளையோர் இயக்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கலாம். நம் பங்கிலேயே பேராசிரியர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் தவறிய பாடங்களை அவர்கள் சொல்லிக்கொடுக்கலாம். காயம்பட்டவரை வின்சென்ட் தே பவுல் சபையினர் சென்று சந்திக்கலாம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை, ஆள்தான் தேவை.

ஆட்டக்காரரின் வாழ்வு ஆட்டத்தோடு முடிவதில்லை. 1960 உரோமை ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவுக்காகக் கோல் அடித்தவர் தமிழகத்தின் சைமன் சுந்தரராஜ். ஆடுவதை நிறுத்திய பின் அவர் பயிற்றுநரானார். 1973-இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணியைப் பயிற்றுவித்தவர் அவரே. இளவயதில் கோல்கீப்பராக நின்ற புனித இரண்டாம் யோவான் பவுலும் விளையாட்டை மனிதர் முழுமையாக வளரும் இடமாகவே கண்டார்.

இந்த ஆண்டும் கோப்போடு பெற்றோர் வருவார்கள். நாம் கடிதம் கொடுப்போம். அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையைக் கோவில் வாசலில் காணும்போது ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், தவறில்லை. அதோடு, "பரீட்சை எப்போது?" என்றும், "கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?" என்றும் கேளுங்கள். பதிலுக்காகச் சற்று நேரம் நின்று காத்திருங்கள்.