அறிமுகம் இல்லாதவர்க்கும் வேலைக்கு ஒரு வழி

தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை அளிக்கும் திட்டம் 2010-11 கல்வியாண்டு முதல் நடைமுறையில் இருந்துவருகிறது. அச்சலுகையும் அதற்கு வெகுகாலம் முன்பே வேரூன்றிய இடஒதுக்கீடும், படிப்பு வாசனையே அறியாத வீடுகளின் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டன. ஆனால் பட்டம் பெற்று வேலை தேடத் தொடங்கும்போது, அவர்களுக்கும் உத்தியோகம் பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வு மீண்டும் தலைதூக்குகிறது. மதிப்பெண்ணில் இருவரும் சமமாக இருந்தாலும், எந்த நிறுவனம் ஆள் எடுக்கிறது, அங்கே எதை எதிர்பார்க்கிறார்கள், யாரிடம் விசாரிப்பது என்பவை ஒருவருக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரிந்துவிடுகின்றன. மற்றவருக்கு அவற்றைச் சொல்ல ஆளில்லை. இந்தக் குறையை ஈடுசெய்யும் வழிகளுள் முதன்மையானது, படிக்கும்போதே பெறும் தொழிலகப் பயிற்சியான இன்டர்ன்ஷிப் ஆகும்.

படிப்போடு சேர்ந்த பணி

மாணவர் ஒரு நிறுவனத்தில் சில வாரங்களோ மாதங்களோ தங்கி, அங்குள்ள மேற்பார்வையாளரின் கீழ் நடைமுறை வேலையைச் செய்து பழகுவதே இன்டர்ன்ஷிப். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் வரும் அப்ரண்டிஸ் பயிற்சி இதனின்று வேறானது. பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் அதைப் பெரும்பாலும் ஓராண்டுக் காலம், ஒப்பந்தத்தின் பேரில் உதவித்தொகையுடன் பெறுகிறார்கள். கல்வியையும் தொழிலகத்தையும் இணைக்கும் முயற்சி புதிதன்று. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906-ஆம் ஆண்டு 27 மாணவர்களைக் கொண்டு, வகுப்பும் தொழிற்சாலையும் மாறி மாறி வரும் பாடமுறையைத் தொடங்கினார். கோயம்புத்தூர் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு 'சாண்ட்விச்' பொறியியல் படிப்பும், வகுப்பறைக் கல்வியைத் தொழிலகப் பணியோடு பின்னிய அதே வகையைச் சேர்ந்தது.

வேலை கொடுப்பவர்கள் இந்தப் பயிற்சியை மதிப்பதற்குக் காரணம் உண்டு. விண்ணப்பதாரரின் உண்மையான திறன் நிறுவனத்துக்குத் தெரியாது. எனவே கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களைக் கொண்டே அதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியல் அறிஞர் 1973-இல் விளக்கி, 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ளக் காரணமாயிருந்த கருத்து இது. பட்டம் அத்தகைய ஓர் அடையாளம்தான்; ஆனால் ஒரே பட்டத்தை ஆயிரக்கணக்கானோர் வைத்திருக்கும்போது அதைக் கொண்டு ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய முடிவதில்லை. பம்பு தயாரிக்கும் ஆலையொன்றில் இரண்டு மாதம் பழகிய மாணவி, வார்ப்பில் காற்றுக் குமிழி விழுந்த உறைகள் எந்தக் கட்டத்தில் கழிக்கப்பட்டன, மணல் அச்சின் ஈரப்பதத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு, அதைக் குறைக்க அங்குள்ளவர்கள் எதை மாற்றிப் பார்த்தார்கள் என்று நேர்காணலில் சொல்லும்போது, கேட்பவருக்கு அவருடைய கவனமும் பொறுமையும் சேர்ந்தே தெரிந்துவிடுகின்றன. அமெரிக்க நிறுவனங்களுக்கு 9,000-க்கும் மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், இன்டர்ன்ஷிப் அனுபவம் குறிப்பிடப்பட்ட விண்ணப்பங்களுக்கு நேர்காணல் அழைப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதலாக வந்தது.

தூரத்துப் பழக்கத்தின் பலன்

இன்டர்ன்ஷிப்பின் இன்னொரு பயன் சான்றிதழில் இடம்பெறுவதில்லை. அது மனிதர்களோடு ஏற்படும் பழக்கம். சமூகவியலர் மார்க் கிரனோவெட்டர், பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில் புதிதாக வேலை மாறிய 282 பேரை ஆராய்ந்தபோது, அவர்களுள் 56 சதவீதத்தினர் தெரிந்தவர் மூலமாகவே அந்த வேலையைக் கண்டறிந்தது தெரியவந்தது. அவ்வாறு தகவல் சொன்னவர்களுள் அடிக்கடி சந்திக்கும் நெருக்கமானவர்கள் சுமார் 17 சதவீதமே. எஞ்சியவர்கள் எப்போதாவதோ மிக அரிதாகவோ சந்திப்பவர்கள். நெருங்கிய நண்பர்கள் ஒரே வட்டத்தில் உழல்வதால் ஒருவருக்குத் தெரிந்ததே மற்றவருக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கமோ வேறொரு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவரும் என்பது 1973-இல் வெளியான அவரது புகழ்பெற்ற கட்டுரையின் சாரம். லிங்க்ட்இன் தளத்தின் இரண்டு கோடிப் பயனர்களை வைத்து நடத்தப்பட்டு 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வும், மிதமான அளவில் பழகியவர்களே வேலை மாற்றத்துக்கு மிகுதியும் உதவுகிறார்கள் என்று உறுதிப்படுத்தியது.

ஆனால் இந்தியாவில் இத்தகைய பழக்கம் சாதியையும் குடும்பத்தையும் ஒட்டியே பெரும்பாலும் அமைகிறது. மும்பை தாதர் பகுதிக் குடும்பங்களைக் குறித்து கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, சாதி வலைப்பின்னல் ஆலைவேலையைத் தேடித்தந்ததால் உழைக்கும் சாதிகளின் ஆண்பிள்ளைகள் மராத்தி வழிப் பள்ளிகளிலேயே நின்றுவிட்டனர் என்றும், அத்தகைய பிடிப்பில்லாத அவர்களின் சகோதரிகள் ஆங்கில வழிக் கல்விக்கு நகர்ந்தனர் என்றும் காட்டியது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வோ, தகுதி ஒன்றாக இருந்தும், தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் தாங்கிய விண்ணப்பங்களுக்குத் தனியார் நிறுவனங்கள் குறைவாகவே பதிலளித்ததை வெளிப்படுத்தியது. ஆகவே அறிமுகத்தின் பலனைப் புகழ்வதோடு நின்றுவிட்டால், ஏற்கெனவே வசதியுள்ளவர்களுக்கு வழிகாட்டியதாகவே அது முடியும்.

பிறப்பால் கிடைக்காத அறிமுகத்தைப் பிறர் தயவின்றி, வேலையின் வாயிலாகவே ஈட்டித்தர வல்லது என்பதே இன்டர்ன்ஷிப்பின் தனிச்சிறப்பு. மேற்பார்வையாளர், பக்கத்து மேசைப் பொறியாளர், பிற கல்லூரிகளிலிருந்து வந்த சக பயிற்சியாளர் ஆகியோர் மாணவரின் உழைப்பை நேரில் கண்டவர்கள். பல நிறுவனங்களில் பணியாளர் தமக்குத் தெரிந்தவரின் விண்ணப்பத்தை உள்வழியில் முன்வைக்கும் 'ரெஃபரல்' முறை உண்டு. தம் பெயரைப் பணயம் வைப்பதால், வேலை செய்து பார்த்த ஒருவரையே அவர் துணிந்து முன்மொழிவார். தகுதியைப் பாராமல் இடம் பிடித்துத்தரும் சிபாரிசுக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது.

செய்ய வேண்டியவை

பயிற்சி முடிந்ததும் தொடர்பை அறுத்துக்கொள்ளாமல், சில மாதங்களுக்கு ஒருமுறை தாம் கற்றதைத் தெரிவிப்பது மாணவர்க்கு நல்லது. முன்னாள் மாணவர்களான அண்ணன், அக்காக்களிடம் எடுத்த எடுப்பில் வேலை கேட்பதைவிட, அவர்களுடைய பணியில் எந்தத் திறன் தேவைப்படுகிறது என்று கேட்பது கூடுதல் பயன் தரும். அக்கேள்விக்கு எவரும் தயக்கமின்றிப் பதில் சொல்ல முடியும். பணம் வாங்கிக்கொண்டு வெறும் சான்றிதழ் கொடுக்கும் இடங்களை அறவே தவிர்க்க வேண்டும். செய்யாத வேலையைப் பற்றி நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கே பதில் இருக்காது.

ஊதியமில்லாப் பயிற்சி ஏழை மாணவரை விலக்கிவிடுகிறது. வெளியூரில் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தாங்கக்கூடியவர்க்கே அது எட்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையை அறிவித்ததும், அப்ரண்டிஸ் விதிகள் 2019-இல் திருத்தப்பட்டபோது பட்டதாரிகளுக்குக் குறைந்தது 9,000 ரூபாய் என வரையறுக்கப்பட்டதும் இத்திசையில் எடுத்த அடிகளே. 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிகளுக்குள்ளேயே கொண்டுசென்றது. எனினும் எந்த மாணவர் எந்த நிறுவனத்துக்குப் போகிறார் என்பதைக் கல்லூரிகள் இன்னும் மாணவரின் சொந்த முயற்சிக்கே விட்டுவிடுமானால், மாமாவோ சித்தப்பாவோ மேலாளராக இருக்கும் பிள்ளைகளே நல்ல இடங்களைப் பெறுவார்கள். ஆய்வுக்கூடத்தை எல்லா மாணவருக்கும் பொதுவாக வைத்திருப்பதுபோல் பயிற்சி இடங்களையும் கல்லூரியே தேடி, முதல் தலைமுறை மாணவருக்கு முன்னுரிமை கொடுத்துப் பங்கிட வேண்டும். கட்டணச் சலுகை தொடங்கிவைத்த பணி அப்போதுதான் நிறைவு பெறும்.