எழுபத்திரண்டு ‘மாதிரிகள்’: பயணிகளின் படத்தொகுப்பில் சாதி



நம் சிறுநூல்களின் அட்டையிலும் மாநாட்டு மலர்களிலும் சுவரொட்டிகளிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியங்களைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறோம். மண்வெட்டியோடு ஒரு ஆண், பக்கத்தில் கூடையோ பானையோ ஏந்திய ஒரு பெண், பின்னால் வெற்றுத் தாள். நம் முன்னோரின் உருவம் வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்ததை எடுத்துக்கொள்கிறோம். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் யாருக்காக, எதற்காக வரையப்பட்டவை என்று கேட்காமல் எடுத்தால் படத்தோடு அதன் பார்வையும் நம் அட்டைக்கு வந்துவிடும். அந்தப் படங்களை எப்படி வாசிப்பது என்பதுதான் இந்த உரையின் பொருள்.

நம் ஊர்த் தொகுப்பு ஒன்றிலிருந்தே தொடங்கலாம். 1837இல் மதுரையில் உருவானது. அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘இந்தியச் சாதிகளின் எழுபத்திரண்டு மாதிரிகள்’. கையால் வண்ணம் தீட்டிய 72 படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்திலும் தமிழிலும் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. டேனியல் பூர் என்ற அமெரிக்க மிஷனரி, வில்லியம் ட்வைனிங் என்ற போதகருக்கு இதை அன்பளிப்பாக அளித்தார். பூர் நமக்கு அறிமுகமில்லாதவரல்லர். 1816இல் யாழ்ப்பாணம் வந்தவர். வட்டுக்கோட்டை செமினரியின் முதல் தலைவர். 1830களின் நடுவில் மதுரைக்கு வந்து பள்ளிகள் திறந்தவர். அவர் தந்த தொகுப்பு இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கே நூலகத்தில் இருக்கிறது.

‘மாதிரி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பாறைத் துண்டுக்கும், ஊசி குத்திய பூச்சிக்கும், உலர்த்தி ஒட்டிய இலைக்கும் அக்காலத்து ஐரோப்பியர் வழங்கிய சொல் அது. பயணம் போனவர்கள் இலையையும் அச்சுப் படத்தையும் தாங்களே கிறுக்கிய சித்திரங்களையும் ஏடுகளில் ஒட்டி ஊருக்கு எடுத்துச் சென்ற காலம். பட அஞ்சலட்டை வருவதற்கு முந்தைய காலம். இந்தியாவுக்கு வந்தவர்களின் ஏடுகளில் இலைக்குப் பக்கத்திலேயே சாதியும் ஒட்டப்பட்டது.

இதற்கென ஒரு தொழிலே நடந்தது. தஞ்சையில் முச்சியர் எனப்பட்ட ஓவியர்கள் மராட்டியர் அவைக்கும் கோயிலுக்கும் வரைந்ததோடு, கம்பெனி அதிகாரிகளுக்காகச் சாதிக்கு ஒரு கணவன் மனைவி ஜோடி என்று வரிசையாக வரைந்து தந்தார்கள். பெரும்பாலான தொகுப்புகளில் அவர்கள் பெயர் இல்லை. வாங்கியவர் பெயர் இருக்கும். வரைந்தவருக்கும் வரையப்பட்டவருக்கும் இருக்காது. திருச்சிராப்பள்ளியில் காக்காப்பொன் தகட்டில் வரைந்த மலிவான படங்கள் விற்றன. அவற்றில் ஒரு வகை விசித்திரமானது. அட்டையில் ஒரே ஒரு முகம் வரையப்பட்டிருக்கும். கண்ணாடி போன்ற தகடுகளில் முகமில்லாத உடைகள் மட்டும் இருக்கும். தகட்டை மாற்றி மாற்றி வைத்தால் அதே முகம் சிப்பாயாகும், சாமியாராகும், கூலியாளாகும். வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்திருக்கும். தகட்டைத் தூக்கினால் எல்லாருக்கும் ஒரே முகம் என்பதை விற்றவரோ வாங்கியவரோ யோசித்தார்களா என்று நாம் வேடிக்கையாகக் கேட்டுக்கொள்வதுண்டு.

இப்போது உடைக்கு வருவோம். இந்தத் தொகுப்புகள் உடையைச் சாதியின் இயல்பாகக் காட்டுகின்றன. இவர்கள் இப்படி உடுத்துவார்கள், இதைச் சுமப்பார்கள் என்கிறது படம். அதை ‘வேறு எப்படியும் உடுத்த விடமாட்டார்கள்’ என்று திருப்பி வாசிக்க வேண்டியவர்கள் நாம். தென் திருவிதாங்கூரில் மேலாடைக்காகப் பெண்கள் 1822 முதல் 1859 வரை அடியும் அவமானமும் பட்டுப் போராடினார்கள். மதுரைத் தொகுப்பு வரையப்பட்ட ஆண்டு அந்தப் போராட்டத்தின் நடுவில் வருகிறது. இன்னும் அருகில் வருவோம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். தங்க, வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ துணி அணியக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கத்தரிக்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. காலனிய அதிகாரியும் மானிடவியலாளருமான ஜே. எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஓவியங்களை ஒருமுறை பாருங்கள். அரைத்துணி, வெறும் மார்பு, வெறுங்கால், மண்பானை. ஓவியர் பொய்யாக எதையும் வரையவில்லை. தடையைத்தான் வரைந்திருக்கிறார். ஆனால் தடை விதித்தவர் படத்தில் இல்லாததால் பார்ப்பவருக்கு அது வழக்கமாகத் தெரிகிறது, அழகாகவும் தெரிகிறது.

படத்தில் இல்லாத இன்னொன்று நிலம். காலடியில் கொஞ்சம் புல் தீட்டியிருப்பார்கள், தலைக்கு மேல் கொஞ்சம் வானம். வயல் யாருடையது, சேரி எங்கே இருக்கிறது, கூலி எத்தனை மரக்கால் என்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை. 1819இலேயே சென்னை வருவாய் வாரியம் மாவட்ட ஆட்சியர்களிடம் அடிமை முறை பற்றி விவரம் கேட்டு வாங்கியிருந்தது. நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் உழைப்பாளிகள் விற்கப்பட்டதும் அடகு வைக்கப்பட்டதும் அரசுக்குத் தெரியும். அடிமையுடைமைக்குச் சட்ட ஏற்பில்லை என்ற சட்டம் வந்தது 1843இல். 1837இல் மண்வெட்டியோடு வரையப்பட்ட ஒரு மனிதர் இன்னொருவரின் உடைமையாக இருந்திருக்கலாம். படத்தின் கீழே ‘தொழில்’ என்று இருக்கும்.

கேமரா வந்த பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. 1868 முதல் 1875 வரை லண்டனில் வெளியான ‘இந்திய மக்கள்’ எட்டுத் தொகுதிகளும் இதே வரிசை முறைதான். அதற்குப் படம் எடுத்தவர்களில் ஒருவரான ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, 1876-78 சென்னைப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமானவர்களைக் குழுவாக அமர்த்திப் படம் பிடித்தார். அந்தப் படங்களும் ஆல்பங்களில் ஏறின. அன்றைக்கே லண்டனில் இதைக் கண்டித்தவர்கள் உண்டு.

பூரையும் ஹூப்பரையும் ஒரே தட்டில் வைப்பது நம் நோக்கமல்ல. பூர் சார்ந்திருந்த அமெரிக்க மதுரை மிஷன் 1847இல், அவர் யாழ்ப்பாணம் திரும்பிய பிறகு, ஒரு காரியம் செய்தது. சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்றது. உபதேசிமார் பலர் வேலையையே விட்டுப் போனார்கள். உட்கார மாட்டோம் என்றார்கள். தொகுப்பில் தாளுக்குத் தாள் தனித்தனியாக, சண்டையில்லாமல் நின்ற சாதிகள் ஒரு பந்தியில் அமரச் சொன்னதும் என்ன செய்தன என்பதற்கு இது சான்று. மதுரைத் தொகுப்பைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவர்கள் அதன் 72 தாள்களோடு 73ஆவது தாளாக இந்தப் பந்தியைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நம் மக்களைப் பற்றிய காலனிய ஆவணங்கள் எல்லாமே ஒரே மாதிரியானவையும் அல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்கீர் தந்த அறிக்கை வீட்டுமனை யாருடையது, பட்டா ஏன் மறுக்கப்படுகிறது என்று எழுதியது. ஓவியர் விட்ட பின்னணி முழுவதும் அதில் இருக்கிறது. 1892இல் பஞ்சமி நில ஆணை அதையொட்டி வந்தது. 1994இல் காரணையில் நிலம் கேட்டுப் போராடி ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்களே, அந்தப் போராட்டத்துக்கு ஆதாரம் தந்தது இந்த வகைத் தாள்தான். ஓவியத்தைக் காட்டி எந்த வட்டாட்சியரிடமும் ஒரு சென்ட் நிலம் கேட்க முடியாது. அடுத்த ஆண்டே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று பெயரிட்டு இதழ் தொடங்கினார். பிறர் படத்துக்குக் கீழே எழுதி வைத்த பெயரை அவர் இதழின் தலைப்பில் தானே அச்சிட்டார்.

ஆகவே அட்டைக்கு இப்படங்களை எடுக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் வரைந்த ஆண்டு, ஊர், அதை வாங்கியவர் பெயர், இப்போது வைத்திருக்கும் நூலகம் ஆகிய நான்கையும் உள்பக்கத்தில் அச்சிடுங்கள். ‘பறையர் தம்பதி, 19ஆம் நூற்றாண்டு’ என்று மட்டும் போடாதீர்கள். அது அவர்கள் எழுதிய வரி. கண்காட்சி வைப்பவர்கள் இராமநாதபுரத்து எட்டுத் தடைகளைப் பெரிய எழுத்தில் எழுதி, படத்துக்குப் பக்கத்தில், பார்ப்பவரின் கண் மட்டத்தில் மாட்டுங்கள்.