துக்கம் கேட்டல்

நாமக்கல் மாவட்டத்தில், ராசிபுரத்துக்கு அருகே, அலவாய் மலையைப் பார்த்தபடி இருக்கும் வெண்ணந்தூர் ஒரு நெசவூர். தறிகள் ஓயாமல் ஓடும் அவ்வூர்த் தெருக்களில் புதிதாய்க் காலெடுத்து வைப்பவருக்கு முதலில் காதில் விழுவது அந்தச் சத்தந்தான். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கோ அது தம்முடைய மூச்சைப் போல, இருப்பதே தெரியாத ஒரு வஸ்து. ஆகவே பட்டப்பகலில் ஒரு தெருவின் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாய் நின்று, மின்சாரம் போகவில்லை என்பதைச் சுழன்றுகொண்டிருக்கும் மின்விசிறி காட்டிக்கொடுத்துவிட்டால், 'யார் வீட்டில்?' என்ற கேள்வி மறுகணமே வாசலுக்கு வந்துவிடும். பறையொலி எழும்புமுன்பே, ஓசை அடங்குவதைக் கொண்டு மரணத்தை அறிந்துகொள்வது நெசவூருக்கு வாய்த்த ஒரு விசேஷம்.

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கப் போகிறார்கள். சாவு வீட்டுக்குப் போகிறவர்களோ துக்கம் 'கேட்க'ப் போகிறார்கள். விசாரித்தல் என்பதே அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் என்றாலும், செவியால் கேட்டல் என்ற பொருளும் அதற்குப் பழுதில்லாமல் பொருந்தும் என்பதை, இழவு வீட்டுத் திண்ணையில் ஒரு நாழிகை உட்கார்ந்து எழுந்தவர்கள் அறிவார்கள். உள்ளே ஒப்பாரி; வெளியே பந்தல்காரரோடு பேரம்; மூலையில், இறந்தவர் வாங்கிய கடனைப் பற்றிய தணிந்த குரல் சம்பாஷணை; இவற்றுக்கு நடுவே, அடக்க முயன்றும் அடங்காமல் எங்கிருந்தோ வெடிக்கும் ஒரு சிரிப்பு. இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது, அது மரியாதைக் குறைவா அல்லவா என்பதே நம்முடைய விசாரணை.

இந்த விசாரணைக்கு ஒரு தூர தேசத்து உதாரணம் துணைசெய்கிறது. வானொலி நாடகத்தின் பேரப்பிள்ளை என்று சொல்லத்தக்க 'பாட்காஸ்ட்' என்னும் ஒலித்தொடர், நினைத்த நேரத்தில் கைப்பேசியில் போட்டுக் கேட்கும் வசதியோடு இப்போது உலகெங்கும் பரவியிருக்கிறது. 'ஐபாட்' என்ற கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வாலையும் ஒட்டிப் பிறந்த இப்பெயர் வழக்குக்கு வந்தது 2004ஆம் ஆண்டில். இங்கிலாந்தில் டேவிட் கே. பார்ன்ஸ் என்ற எழுத்தாளர் உருவாக்கி, 2015இல் தொடங்கி நான்கு பருவங்கள் ஓடி, 2022இல் நிறைவுற்ற 'உட்டன் ஓவர்கோட்ஸ்' அவ்வகைக் கற்பனைத் தொடர்களில் ஒன்று. 'மரத்தாலான மேலங்கி' என்று பொருள்படும் அத்தலைப்பு, சவப்பெட்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பரிகாசப் பெயர். ஆங்கிலக் கால்வாயில் இருப்பதாகக் கற்பித்த ஒரு குட்டித் தீவு. அதில் ஒரு சிற்றூர். அவ்வூரில் சவ அடக்கத்துக்கென்று ஒரே ஒரு கடை. ருட்யார்ட், ஆன்டிகனி என்ற இரட்டையர் நடத்தும் அந்தக் கடையில், உடலைப் பெட்டியிலும் பெட்டியைக் குழியிலும் நேரம் தவறாமல் வைப்பதைத் தவிர வேறு உபசாரம் எதுவும் கிடையாது. துக்கத்தோடு வந்தவர் கோபத்தோடு திரும்புவார். இப்படியிருக்கையில், சிரித்த முகமும் இனித்த சொல்லுமாய் எரிக் சாப்மன் என்பவர் எதிர்வாடையிலேயே ஒரு போட்டிக் கடை திறந்துவிடுகிறார். ஊரே அந்தப் பக்கம் சாய்ந்துவிட, இரட்டையர் தம் பிழைப்பைக் காத்துக்கொள்ளப் படும் பாடே கதை. அதைச் சொல்வது யாரென்றால், அந்த வீட்டிலேயே குடியிருக்கும் ஒரு சுண்டெலி.

கண்ணுக்கு எதையும் காட்டாத ஒலி நாடகத்தில் ஒவ்வொரு பாத்திரமும் குரலாலேயே உயிர்பெறுகிறது. எனவே குரலற்ற பிணத்துக்கு அதில் வேடமே இல்லை. எத்தனை பேர் மாண்டாலும், அவர்களில் ஒருவருடைய முகமும் நம் முன் வருவதில்லை. நம் காதில் விழுவதெல்லாம் மாண்டவரைச் சுற்றி நிற்பவர்களின் பொறாமையும் பயமும் சில்லறைக் கணக்குந்தான். ஆகையால் அங்கே சிரிப்பு, மாண்டவரை விட்டுவிட்டு, இருப்பவர்மேலேயே போய் விழுகிறது.

நம்முடைய இழவு வீடும் இந்த விதியை நெடுங்காலமாக அறிந்ததுதான். வட்டமாய் உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து ஒப்பாரி வைக்கும் பெண்கள், மாண்டவரைச் சந்திரன் என்றும் சூரியன் என்றும் புகழ்வதோடு நிற்பதில்லை; நோயில் கிடந்தபோது எட்டிப் பாராத தம்பியையும், கஞ்சிக்குக் கணக்குப் பார்த்த மருமகளையும் அந்த ராகத்துக்குள்ளேயே வைத்து இழுத்துவிடுவார்கள்; இழுக்கப்பட்டவருக்கு, அழுகைக்குப் பதில் சொல்லிச் சண்டை போடும் வழியும் இல்லை. 'கூலிக்கு மாரடித்தல்' என்ற வழக்கும், 'கல்யாண வீட்டிலேயே கட்டி அழுகிறவள் இழவு வீட்டில் விடுவாளா' என்ற பழமொழியும் பரிகசிப்பது அழுபவரையே அல்லாமல் அழப்படுபவரை அல்ல. புதுத் துணிக்குக் கோடி என்று பெயர். கல்யாணத்துக்கும் கோடி, சாவுக்கும் கோடி. கோடி போடுவதில் மாமன் முந்தினானா, பங்காளி முந்தினானா, யார் கொண்டுவந்த துணி நயமானது என்று எழும் வழக்கைத் தீர்க்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது; துணியைத் தாமே நெய்கிற ஊரில், நூலையும் ஓரத்தையும் தடவிப் பார்த்தே விலையைச் சொல்லிவிடும் விரல்கள் பலவாதலால், அந்த வழக்குக்கு ஒரு தனி நுட்பம் வந்துசேர்கிறது.

எழுத்திலும் திரையிலும் இந்த ஹாஸ்யத்துக்கு நம்மிடம் குறைவில்லை. கிழவி ஒருத்தியின் உயிரைக் கொண்டுபோக வந்த எமதருமனையே அவள் வாய்ச் சாதுரியத்தால் வெறுங்கையோடு திருப்பியனுப்புவதைப் புதுமைப்பித்தன் 'காலனும் கிழவியும்' என்ற கதையில் எழுதினார். மதுமிதா இயக்கி 2019இல் வந்த 'கே.டி. என்கிற கருப்புதுரை'யில், நினைவிழந்து கிடந்த முதியவர் கண்விழித்து, தம்மைத் 'தலைக்கூத்தல்' செய்து, அதாவது எண்ணெய் முழுக்காட்டி இளநீர் கொடுத்துச் சாகவைக்கும் தென்மாவட்ட வழக்கப்படி, முடித்துவிடத் தம் மக்களே யோசிப்பதைக் காதாரக் கேட்டு வீட்டை விட்டு ஓடிப்போகிறார். துக்கம் கேட்டல் என்பதற்கு இதைவிடக் கசப்பான பொருள் இருக்க முடியாது. ஹலிதா ஷமீமின் 'ஏலே' (2021), தகப்பன் இறந்தும் கண்ணீர் வராத மகனின் கதை.

இளங்கோ ராம் முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் எடுத்து, 2025இல் வெளிவந்த 'பெருசு' நம் விதிக்கு ஒரு சோதனை. ஊரில் மதிப்பாய் வாழ்ந்த பெரியவர் ஒருவர், சபையில் சொல்ல நாணும் ஒரு நிலையில் உயிர்விட்டுக் கிடக்க, அதை ஊர் பாராமல் மறைக்கக் குடும்பம் படும் அவஸ்தையே படம். சிரிப்பு பிணத்தின் மேலேயே விழுகிறதே என்று முதலில் தோன்றும். ஆனால் பெரியவருக்கு இனி மானமுமில்லை அவமானமுமில்லை என்றும், வியர்த்து விறுவிறுத்து ஓடுவது மக்களின் கௌரவந்தான் என்றும் தெளியச் சிறிது நேரமே ஆகும்.

சாவைத் தொழிலாக்கிப் போட்டி போடுவது சீமைக் கதையாகவே இனி இருக்கப்போவதில்லை. உறவும் அக்கம்பக்கமும் கூடிச் செய்த காரியங்களில் பல இன்று வாடகைக்கு வருகின்றன: ஐஸ் பெட்டி, பந்தல், நாற்காலி, கண்ணீர் அஞ்சலிப் பதாகை. அந்தப் பதாகையில் எந்த மருமகன் பெயர் விட்டுப்போயிற்று என்பதே ஒரு முழு அத்தியாயத்துக்குப் போதும். எனினும், பறையடிப்பதையும் குழிவெட்டுவதையும் சாதியின் பேரால் சிலர் தலையிலேயே சுமத்தி, அவர்களைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கியும் வைத்த ஒரு சமூகம், தன் சாவு வீட்டைப் பார்த்துச் சிரிக்கப் புகும்போது அந்தச் சிரிப்பு அவர்கள்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டது. தன்மேல் விழுமானால் அது நியாயமே.

வெண்ணந்தூரில் ஒருவர் இப்படியொரு ஒலித்தொடர் செய்யத் துணிவாரேயானால், அவருக்குப் பெரிய செலவு இராது. தறிகள் ஒவ்வொன்றாய் நிற்கும் சத்தத்தில் தொடங்கலாம். ஐஸ் பெட்டிக்காரரின் பேரமும், கோடித் துணியின் விலையை மதிப்பிடும் பெரியம்மாவின் ரகசியக் குரலும், எவருக்கும் அஞ்சாத ஒப்பாரியும் தொடரலாம். சுண்டெலிக்குப் பதிலாக, நல்ல வார்த்தைக்கும் கெட்ட வார்த்தைக்கும் ஒரேபோல் சகுனம் சொல்லும் நம் வீட்டுச் சுவர்ப் பல்லியைக் கதை சொல்ல வைக்கலாம். வந்தவர்களெல்லாம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனபின், காரியமும் முடிந்த மறுநாள் விடியலில், துக்க வீட்டுத் தறியே தெருவில் முதலாவதாக ஓடத் தொடங்கும்; கெடு வைத்த சேலை பாதி நெசவில் நிற்கிறதல்லவா?