ஸ்திரீகளும் யந்திரத் தொழிலும்

தென்காசி ஜில்லாவில், மேற்கு மலைத்தொடரின் சாரலில் உள்ளது ராயகிரி. அங்கிருந்து வடக்கே சென்றால் ராஜபாளையத்து நூற்பாலைகள். அவ்வாலைகளில் அறுந்த இழையை ஒட்டுவோர் பெரும்பாலும் ஸ்திரீகள். யந்திரம் நின்றுவிட்டால் அதனைச் செப்பனிட அழைக்கப்படும் பிட்டர்களோ பெரும்பாலும் புருஷர்கள். கூலியின் ஏற்றத்தாழ்வு பெரிதும் இவ்வேற்றுமையினின்றே பிறக்கிறது. இதற்கு இயற்கை காரணமன்று; பயிற்சியின்மையே காரணம்.

ஆனால் பயிற்சி என்ற பெயரைக் கண்டு நாம் மயங்கலாகாது. மேற்கு ஜில்லாக்களின் ஆலைகளில் சில காலம் பரவியிருந்த ‘சுமங்கலித் திட்டம்’ வாசகர்கள் அறிந்ததே. திருநெல்வேலி முதலிய தென் ஜில்லாக்களினின்று ஏழைப் பெண்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். மூன்றாண்டு உழைத்தால் கலியாணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாக அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது. பழகுநர் என்று பெயரிட்டுக் கூலியைக் குறைத்தனர்; விடுதியை விட்டு வெளியேறும் சுதந்திரத்தையும் சுருக்கினர். மூன்றாண்டின் முடிவில் அப்பெண்ணின் கையில் ஒரு சான்றிதழேனும் இருந்ததா? இல்லை. இதனைப் பயிற்சி என்பது சொல்லுக்கே இழுக்காகும்.

மெய்யான பயிற்சி வேறு. சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் வேலையை ஓராண்டிலும், பிட்டர், எலக்டிரீஷியன் வேலைகளை ஈராண்டிலும் கட்டணமின்றிக் கற்கலாம். தேறியவர் பெறும் தேசியச் சான்றிதழ் எந்த ஆலையிலும் செல்லும். 2022ஆம் ஆண்டில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், சர்க்கார் பள்ளியில் படித்து இந்நிலையங்களிற் சேரும் பெண்ணுக்கும் மாதம் 1000 ரூபாய் அளிக்க வழிசெய்தது. இருந்தும், பெண்ணைத் தையலுக்கும் ஆணைக் கடைசலுக்கும் அனுப்பும் வழக்கம் பெற்றோரை விட்டு இன்னும் அகலவில்லை.

சட்டமும் முன்னாளில் இவ்வழக்கத்திற்கே துணைநின்றது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஓடும் யந்திரத்தின் இயக்கு பாகங்களுக்கு எண்ணெயிடுவதையும் அவற்றைத் திருத்துவதையும் ஸ்திரீகளுக்கு விலக்கியது. இரவு வேலையையும் தடுத்தது. அவ்விரவுத் தடை செல்லாதெனச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில், பாதுகாப்பு நிபந்தனைகளுடன் தீர்ப்பளித்தது. பிரிட்டனின் சரித்திரமும் நமக்கு ஒரு பாடம் தருகிறது. முதல் மகாயுத்தத்தில் வெடிமருந்துச் சாலைகளை நடத்திய ஸ்திரீகள் பலரை, யுத்தம் முடிந்ததும் 1919ஆம் ஆண்டுச் சட்டமொன்று வெளியேற்றத் துணைபுரிந்தது. அவ்வாண்டிலேயே அந்நாட்டு மாதர் தமக்கென ஒரு பொறியியற் சங்கம் கண்டனர். திறமையைக் கற்றால் மட்டும் போதாது, அதைக் காக்க ஸ்தாபனமும் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

திருநங்கையர், திருநம்பியர் நிலையும் இத்துடன் சேர்த்து ஆராயத்தக்கது. தமிழ்நாட்டில் 2008இலேயே அவர்களுக்கு நலவாரியம் அமைந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அவர்தம் உரிமையை உறுதிசெய்தது. 2021இல் டாட்டா இரும்புக் கம்பெனி மேற்கு பொகாரோ சுரங்கத்தில் கனரக யந்திரங்களை ஓட்டத் திருநர் 14 பேரை நியமித்தது. ஆகவே திறமையைப் பற்றிய ஐயம் வீண். ஆயினும் 2017இல் கொச்சி மெட்ரோ ரயில்வேயில் வேலை பெற்ற திருநங்கையருட் பலர் குடியிருக்க இடங்கிடையாமல் விலக நேர்ந்தது. வேலை கொடுத்தவர் இருந்தும் வீடு கொடுப்பார் இல்லை!

ஆகவே நாம் கோருவன மூன்று. பயிற்சி நிலையங்களை ஒட்டி ஸ்திரீகளுக்கும் திருநருக்கும் அச்சமின்றித் தங்கும் விடுதிகள் வேண்டும். ராயகிரிப் பெண் தென்காசிக்கு நாள்தோறும் போய்வருதல் எளிதன்று. பழகுநர் என்று பெயரிட்டு வேலை வாங்கும் ஆலைகளில், கற்பிப்பது யாது என்று அதிகாரிகள் சோதித்தல் வேண்டும். தேறியவரைச் செப்பனிடும் பகுதியிலேயே நியமிப்பதாக ஆலை முதலாளிகள் உறுதி தருதல் வேண்டும்.

மேடைகளில் ஸ்திரீ சுதந்திரம் பேசும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இவ்வாண்டுச் சேர்க்கைக்கு உங்கள் கிராமத்தினின்று ஒரு பெண்ணையேனும் பிட்டர் வகுப்பிற் சேர்த்துவிடுங்கள். அவள் தன் சம்பளத்தைத் தானே கையெழுத்திட்டு வாங்கும் நாளில், நாம் எழுதும் நூறு தலையங்கங்கள் செய்யாத காரியம் அவ்வூரில் நடந்திருக்கும்.